எடுத்தவருக்கே சொந்தம்

போர்ட்லண்டிலிருந்து கிளம்பும்போதே மழை. நம் ஐப்பசி மழை அடித்துக் கொட்டிவிட்டு வெயிலுக்கும் கொஞ்சம் வழிவிடும். ஓரிகனின் நவம்பர் மழைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. தூறலா மூடுபனியா என்று தீர்மானிக்க முடியாத ஒன்று நாள் முழுக்கக் காற்றிலேயே நின்றுகொண்டிருக்கிறது. குடை வைத்திருப்பவர் ஒருவரையும் காணோம். தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

"சித்தி, ஸ்வெட்டருக்கு மேலே இதையும் போட்டுக்கோங்க. அங்கே காத்து எலும்பு வரைக்கும் போகும்" என்று அக்கா மகள் தன் மழைக்கோட்டை என் தோளில் போட்டாள். ஹில்ஸ்பரோவில் கணினிச் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவள். அவளோடு வேலை பார்க்கும் ஒருவரின் தாயார்தான் நாங்கள் பார்க்கப் போகிறவர். கடலோரத்தில் குடியிருக்கிறார். அவர் செய்யும் வேலையைப் போனில் கேட்டபோது, இப்படியும் ஒரு வேலை உண்டா என்று இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். முன்பின் தெரியாதவர்கள் கண்டெடுத்துக்கொண்டு போகட்டும் என்று, கைவினைஞர்கள் செய்த கண்ணாடிப் பந்துகளைக் கடற்கரை மணலில் ஒளித்து வைப்பது! அதற்குச் சம்பளம் கிடையாது.

பதினெட்டாம் எண் நெடுஞ்சாலை முதலில் ஹேசல்நட் தோப்புகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே போகிறது. அப்புறம் காடு. டக்ளஸ் ஃபிர் மரங்கள் இருபுறமும் நெருங்கி நிற்க, பகல் பதினொரு மணிக்கே காரின் விளக்கைப் போட வேண்டியிருந்தது. மரத்தில் பாசி, பாறையில் பாசி, சாலையோரக் கைகாட்டிப் பலகையிலும் பாசி. கண்ணாடியை இறக்கினால் ஈர மண்ணும் மரப்பிசினும் கலந்த வாசனை. டெல்டாவின் வயல்வெளியில் வளர்ந்த கண்ணுக்கு இத்தனை உயரமும் இத்தனை இருட்டும் பழக்கமில்லை. கழுத்து வலிக்கும்வரை மேலேயே பார்த்துக்கொண்டு போனேன். காடு முடிந்த இடத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பசிபிக்.

நாங்கள் போய்ச் சேர்ந்த லிங்கன் சிட்டியின் பெயரில் நகரம் இருந்தாலும் அது பழைய ஐந்து சிற்றூர்களைக் கோத்து 1965-இல் உண்டாக்கியது. ஓஷன்லேக், டீலேக், நெல்ஸ்காட், டாஃப்ட், கட்லர் சிட்டி என்ற பெயர்கள் இன்னும் பேச்சில் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்கும் வடதுருவத்துக்கும் சரிபாதியில், 45-ஆம் அட்சரேகை ஊருக்குள்ளேயே போகிறது. எங்கள் நாகப்பட்டினம் பதினொன்றுக்கும் கீழே. குளிர் ஏன் இப்படிக் கடிக்கிறது என்பதற்கு அதைவிட விளக்கம் தேவையில்லை. ஊர் நடுவில் ஒரு பாலம், அதன் கீழே டி ஆறு. டெவில்ஸ் ஏரியில் புறப்பட்டுக் கடலில் விழும்வரை அதன் முழு நீளமும், கடல் பொங்கி நிற்கும் நேரத்தில், 120 அடிதான். உலகின் மிகக் குட்டையான ஆறு என்று ஒரு காலத்தில் கின்னஸ் புத்தகத்திலேயே இடம்பிடித்திருந்தது. காவிரித் தண்ணீரில் வளர்ந்தவள் நான். ஒரு நதியின் பிறப்பையும் முடிவையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டேன் என்றால் நம்ப முடிகிறதா?

கண்ணாடிப் பந்துக்கு வருகிறேன். மீன்வலையின் மேல்விளிம்பு அமிழாமல் இருக்க நம் பக்கத்தில் ஒரு காலத்தில் மரத்துண்டு கட்டினார்கள். இப்போது எல்லாம் பிளாஸ்டிக். நார்வேக்காரர்கள் 1840-களில் அதற்குக் கண்ணாடி உருண்டையைச் செய்து பார்த்தார்கள். உள்ளே காற்று, வெளியே கண்ணாடி, ஊதிய துளையில் ஒரு சொட்டுக் கண்ணாடியை வைத்து முத்திரை. 1910 வாக்கில் ஜப்பான் அந்த வேலையைக் கையில் எடுத்து, பழைய சாக்கே மதுப் புட்டிகளை உருக்கிக் கணக்கில்லாமல் செய்து குவித்தது. பெரும்பாலான பந்துகளின் கடல்பச்சை நிறம் அந்தப் புட்டிகளின் நிறம்தான். புயலில் வலையை விட்டு அறுந்த பந்துகள் வட பசிபிக்கின் சுழல் நீரோட்டத்தில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் மிதந்து, மேற்குக் காற்று பலமாக அடிக்கும் குளிர்காலங்களில் ஓரிகன் கரையில் ஒதுங்கின. விடியற்காலையில் எழுந்து அவற்றைத் தேடுவது இந்தக் கரையோர மக்களின் வழக்கமாயிற்று. பிளாஸ்டிக் மிதவை வந்தபின் கண்ணாடி வருவது குறைந்தது. இன்று ஒன்று கிடைத்தால் அது பேரதிர்ஷ்டம்.

கடல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டதும் ஊரே கொடுக்கத் தொடங்கியது. பிரையன் டங்கன் என்ற உள்ளூர்க் கலைஞர் சொன்ன யோசனை அது. இரண்டாயிரமாவது ஆண்டை வரவேற்க, கண்ணாடிக் கலைஞர்கள் ஊதிய 2000 பந்துகளை 1999 இறுதியிலிருந்தே ஊராட்கள் கடற்கரையில் ஒளித்து வைத்தார்கள். ஒரு வருடத்தோடு முடிந்திருக்க வேண்டிய கொண்டாட்டம் நிற்கவே இல்லை. இப்போது ஆண்டு முழுவதும் வைக்கிறார்கள், வருடத்துக்கு 3000-க்கும் மேல். ஒவ்வொரு பந்திலும் செய்தவரின் கையெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். கண்டெடுத்தவர் அந்த எண்ணைப் பதிவு செய்தால், செய்த கலைஞரைப் பற்றிய குறிப்போடு ஒரு சான்றிதழ் அனுப்புகிறார்கள். பந்து, எடுத்தவருக்கே சொந்தம்.

நாங்கள் பார்க்க வந்த அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபதைத் தாண்டிவிட்டார். கைகுலுக்கியதும் முதலில் சொன்னது, தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்பதைத்தான். ஒளித்து வைப்பவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியக் கூடாதாம். இவர்களை ஊரில் 'மிதவைத் தேவதைகள்' என்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும்படி அவர் எத்தனையோ முறை சொன்னார். எனக்கு நா எழவில்லை. கடைசிவரை அம்மா என்றே கூப்பிட்டேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

"வைக்கிறதுக்கு முன்னாடி, அது எப்படிப் பிறக்குதுன்னு பார்த்துடுங்க" என்று முதல் வேலையாக டாஃப்டில் கண்ணாடி ஊதும் கூடத்துக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்ததும் வெளியே நடுக்கிய குளிர் எங்கே போனதென்று தெரியவில்லை. உலை ஆயிரத்து நூறு டிகிரியில் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் கண்ணாடி என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும்தான். கலைஞர் நீண்ட இரும்புக் குழலை உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தபோது, நுனியில் கம்பிப்பதம் வந்த பாகு போல ஒன்று தொங்கி வழிந்தது. குழலைச் சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினால் தரைக்குப் போய்விடும். அவர் நிறுத்தவே இல்லை. பேசும்போதும், என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதும் விரல்கள் சுழற்றிக்கொண்டே இருந்தன. தட்டில் பரப்பியிருந்த வண்ணக் கண்ணாடிக் குருணையில் அதைப் புரட்டினார். நான் தேர்ந்தெடுத்தது நீலமும் வெள்ளையும். குருணை ஒட்டியதும் மறுபடி நெருப்பு, மறுபடி புரட்டல். பிறகு ஒரு ரப்பர்க் குழாயின் நுனியை என்னிடம் கொடுத்து, ஊதுங்கள் என்றார்.

ஊதினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக என்று சைகை காட்டினார். கன்னம் வலிக்க ஊதியதும், அந்த எரியும் கட்டிக்குள் ஒரு குமிழி மெல்ல விரிந்தது. ஐயோ, அந்தக் கணம்! என் மூச்சுக்கு உருவம் இருப்பதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. ஈரத்தாள் கற்றையால் வெளியே தடவித் தடவி உருட்டினார்கள். ஆவி எழுந்து, எரிந்த காகித வாசனை கூடமெல்லாம் பரவியது. பந்தைக் குழலிலிருந்து தட்டிப் பிரித்து, துளை இருந்த இடத்தில் ஒரு சொட்டு உருகிய கண்ணாடியை வைத்து அமுக்கியதோடு முடிந்தது. அவ்வளவுதான், நாகப்பட்டினத்து மூச்சு ஒன்று உள்ளேயே அடைபட்டுவிட்டது. பழைய ஜப்பானியப் பந்துகளிலும் இப்படித்தானே? ஊதிய தொழிலாளி என்றோ போய்விட்டிருப்பார். அவருடைய மூச்சு இன்னும் கடலில் மிதந்துகொண்டிருக்கும். அதை நினைத்ததும் தொண்டை அடைத்தது.

சூடான பந்தை அப்படியே கையில் தர முடியாது. வெளிக்குளிர் பட்டால் வெடித்துவிடும். சூளையில் வைத்து இரவெல்லாம் மெதுவாக ஆறவிட்டு மறுநாள்தான் தருவார்கள். நான் ஊதியதையும் கடற்கரையில் வைக்கலாமா என்று ஆசையாகக் கேட்டேன். அம்மாள் கூடாதென்று தலையசைத்துவிட்டார். எண்ணும் கலைஞர் கையெழுத்தும் உள்ளதுதான் மணலுக்குப் போகும். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. முகம் தெரியாதவருக்குப் போவது நல்ல கைவினைஞர் செய்ததாக இருக்க வேண்டாமா?

மறுநாள் விடிந்ததும் கடற்கரை. எட்டு டிகிரி குளிர், காதை அறுக்கும் காற்று. நம் ஊர்க் கடற்கரையில் கருவாட்டு வாசனையும் சுண்டல் வாசனையும் போட்டி போடும். இங்கே அறுந்து ஒதுங்கிய கெல்ப் பாசியின் பச்சை வாடை ஒன்றுதான், அதோடு எங்கிருந்தோ விறகுப்புகை. மணல் கருஞ்சாம்பல் நிறம். நாய்களுக்கு மழைக்கோட்டு மாட்டிக் கூட்டி வருகிறார்கள்! எதிரில் வருகிறவர் ஒருவர் விடாமல் காலை வணக்கம் சொல்கிறார். அலைமேட்டுக்கு மேலே மரங்கள், முழு மரங்கள், வேரோடு கிடக்கின்றன. ஆறுகள் இழுத்து வந்து, கடல் தோலுரித்து, வெளுத்துப்போய்க் கரையில் போட்டவை. நம் சோழமண்டலக் கரையில் ஏற்ற வற்றத்துக்கு நடுவே ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம் இருக்கும். இங்கே இரண்டு மீட்டருக்கும் மேல். காலையில் நாம் நடந்த இடம் மத்தியானம் கடலாகிவிடுகிறது.

அதனால் அம்மாள் முதலில் பாதுகாப்புப் பாடம் நடத்தினார். பள்ளி ஆசிரியை அல்லவா, சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டார். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அலை வழக்கத்தைவிட வெகுதூரம் ஏறி வரும். தண்ணீருக்குப் பக்கத்தில் கிடக்கும் மரத்தில் ஏறக் கூடாது. ஒரு சாண் தண்ணீர் போதும், டன் கணக்கில் எடையுள்ள மரத்தைப் புரட்டிவிடும். பந்து வைப்பதற்கும் விதி உண்டு. ஏற்றத்தின் ஈரக்கோட்டுக்கு மேலே, கரைமேட்டின் அடிவாரத்துக்குக் கீழே. பாறைச்சரிவிலோ மணல்மேட்டுப் புல்லிலோ வைப்பதில்லை. தேடுகிறவர் யாரும் எதிலும் ஏறி விழக் கூடாது, புல்லும் மிதிபடக் கூடாது.

அப்புறம் பையைத் திறந்தார். உள்ளே துணியில் சுற்றிய பந்துகள். ஒன்று ஆரஞ்சு நெளிவுகளோடு, ஒன்று பழைய சாக்கேப் புட்டியின் அதே பச்சையில், ஒன்று உள்ளே நுரை உறைந்ததுபோல வெள்ளைக் குமிழிகளோடு. அத்தனையும் இரண்டு கை நிறையும் அளவு. பச்சையை என்னிடம் கொடுத்தார். பார்த்தால் எடையே தெரியாது. கையில் வாங்கினால் கனம். யாரும் பார்க்காதபோது வைக்க வேண்டும். ஆனால் கடற்கரையில் ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். அகேட் கல் பொறுக்குவதுபோல நாங்கள் மூவரும் குனிந்தபடியே நடந்தோம். ஒரு பெரியவர் நாயோடு கடந்து போகும்வரை அக்கா மகள் ஒரு சாதாரணக் கூழாங்கல்லை வெகுநேரம் ஆராய்ந்தாள்.

அவர் போனதும் வைத்தேன். வேரோடு சாய்ந்த மரம் ஒன்றின் கவட்டில், மணலில் பாதி புதைத்து. கையை எடுக்க மனம் வரவில்லை. யாருக்குப் போகும் இது? திருமணநாள் கொண்டாட வந்த கிழத் தம்பதிக்கா, பள்ளிக்கு மட்டம் போட்ட பையனுக்கா, துக்கத்தை ஆற்றிக்கொள்ளத் தனியே நடக்கிற யாருக்காவதா? நம் வாழ்க்கையில் கொடுப்பதெல்லாம் முகம் பார்த்துத்தான். மொய் வைத்தால் நோட்டில் பெயர் ஏறும். கோயில் டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் இருக்கும். இங்கே கொடுக்கிறவரின் பெயர் எடுக்கிறவருக்குத் தெரியாது. எடுப்பவர் முகத்தை வைத்தவர் பார்ப்பதில்லை. "கொஞ்ச நேரம் நின்னு பார்ப்போமா சித்தி?" என்றாள் அக்கா மகள். எனக்கும் அதே ஆசைதான். அம்மாள் ஏற்கெனவே இருபது அடி முன்னே போயிருந்தார். திரும்பிப் பார்க்காமல், வா என்று கையை மட்டும் அசைத்தார்.

குளிரில் விறைத்துப்போய் உணவகம் ஒன்றில் நுழைந்தோம். வெண்ணெயும் பாலும் கடல்மணமும் சேர்ந்த கிளாம் சூப். சிப்பியைப் பாலில் வேகவைப்பார்கள் என்று நாகப்பட்டினத்தில் சொன்னால் கல்லால் அடிப்பார்கள். ஆனால் அந்தக் குளிருக்கு அது அமிர்தமாக இறங்கியது. அப்போது பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. சிறுமி தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து அதற்குள் எதையோ இறக்கினாள். ஊதாநிறக் கண்ணாடிப் பந்து! கடையே அங்கே திரண்டுவிட்டது. சமையற்கட்டிலிருந்து ஒருவர் கை துடைத்துக்கொண்டே வந்தார். முன்பின் தெரியாதவர்கள் அவள் அப்பாவின் தோளில் தட்டினார்கள். எந்த இடத்தில், எப்படிப் பார்த்தாய் என்று எல்லாரும் கேட்க, அவள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள்.

நான் அம்மாளைப் பார்த்தேன். அது முந்தின நாள் அவரே வைத்தது என்று அவர் கண்ணே சொன்னது. எழுந்து போய்ப் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப அழகாயிருக்கிறது, எண்ணைப் பதிவு செய்ய மறந்துவிடாதே என்று சிறுமியிடம் சொன்னார். திரும்பி வந்து காபியைக் குடித்தார். அவ்வளவுதான். வேறொரு வார்த்தை இல்லை. நான் எத்தனையோ பெரிய கோயில்கள், அருங்காட்சியகங்கள் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் வாய் திறக்காமல் காபி குடித்ததற்கு இணையாக ஒன்றையும் பார்த்ததில்லை.

சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போதுதான் நீலப் பலகையைப் பார்த்தேன். பெரிய அலை துரத்த, மேட்டை நோக்கி ஓடும் மனிதன். சுனாமி அபாயப் பகுதி. அங்கேயே நின்றுவிட்டேன். 2004 டிசம்பர் 26-இல் எங்கள் மாவட்டம் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடலுக்குக் கொடுத்தது. அம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கரைக்கும் பழைய காயம் உண்டு. 1700 ஜனவரி 26 இரவு இங்கே கடலடியில் பூமி அதிர்ந்து எழுந்த அலை ஜப்பான்வரை போயிருக்கிறது. அங்கே எழுதி வைத்த பதிவுகளை வைத்துத்தான் அந்தத் தேதியையே கண்டுபிடித்தார்கள். 2011-இல் ஜப்பானில் சுனாமி அடித்தபோது மிசாவா துறைமுகத்திலிருந்து பிய்ந்த இருபது மீட்டர் நீளக் கான்கிரீட் மிதவைத்துறை, பதினைந்து மாதம் மிதந்து, தெற்கே நியூபோர்ட் பக்கத்தில் கரை தட்டியது. கண்ணாடிப் பந்து வந்ததும் இதே கடல் வழியாகத்தான். அத்தனையும் தெரிந்த மக்கள்தான் தினமும் இந்த மணலில் பரிசு வைக்கிறார்கள்.

இந்த மணல் யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை. 1913-இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில் ஓரிகனின் ஈரமணல் முழுவதையும் பொதுச்சாலை என்று சட்டம் செய்தார்கள். 1966-இல் கேனன் பீச்சில் ஒரு விடுதி காய்ந்த மணலில் வேலி கட்டித் தன் விருந்தினருக்கு மட்டும் என்றது. மக்கள் கொதித்துவிட்டார்கள். ஆளுநர் டாம் மெக்கால் ஹெலிகாப்டரில் நில அளவைக்காரர்களோடு கடற்கரையில் வந்திறங்கி, எதுவரை பொது என்று அளந்து காட்டினார். 1967 ஜூலை 6-இல் கடற்கரைச் சட்டம் கையெழுத்தானது. அன்றிலிருந்து 584 கிலோமீட்டர் கரையில் காய்ந்த மணலிலும் எவரும் நடக்கலாம். வேலி இருந்திருந்தால், பந்து விடுதி விருந்தினருக்குத்தான் கிடைத்திருக்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது இறங்கியது. கடலிலிருந்து சூரியன் எழுவதை மட்டுமே பார்த்து வளர்ந்தவள், அது கடலுக்குள் போவதை வாய் பிளந்து பார்த்தேன். திசையே மாறிப்போன மாதிரி ஒரு தவிப்பு. ஒதுங்கிய மரச்சுள்ளிகளை எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தவர்கள் எங்களையும் உட்காரச் சொன்னார்கள். அப்புறம் கூடத்துக்குப் போய் என் பந்தை வாங்கிக்கொண்டோம். சூளையில் ஆறியிருந்த நீலம், நான் தேர்ந்தெடுத்ததைவிட ஆழமாக இருந்தது.

மாமல்லபுரத்துக் கற்சிற்பிகளும் மானாமதுரை மண் கலைஞர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். வேலியில்லாத மணல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. உள்ளங்கையளவு மாக்கல் யானை, சுட்ட மண் குதிரை, வருடத்துக்கு நூறு போதும், கலைஞருக்கு உரிய கூலி கொடுத்துச் செய்து வாங்கி, நம் கரையோர நகராட்சி ஒன்று இதைத் தொடங்கிப் பார்க்கட்டும். ஓரிகன் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குளிருக்கும் மழைக்கும் பயப்படாமல் காலையில் இறங்கி, ஈரக்கோட்டுக்கு மேலே நடந்து பாருங்கள். ஒரு பந்து கிடைத்தால் எடுத்துக்கொண்டு எண்ணைப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது கண்ணில் பட்டால், தயவுசெய்து அங்கேயே விட்டுவிடுங்கள்.